பத்தடி தூரத்து ஜப்பான்: பழைய பயணப் போஸ்டர்களில் எதை வாங்குவது?

எங்கள் வீட்டுக் கூடத்தில், சோபாவுக்கு எதிர்ச்சுவரில், முன்பு குடியிருந்தவர் அடித்துவிட்டுப் போன ஆணி ஒன்று உண்டு. மூன்று வருஷமாக அதில் எதையும் மாட்டவில்லை. பழைய ஜப்பானிய ரயில்வே போஸ்டர் ஒன்றுதான் அங்கே வர வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். "நீங்க போஸ்டர் வாங்கறதுக்குள்ள அந்த ஆணி துருப்பிடிச்சு விழுந்துடும்" என்பாள் மனைவி.

இழுத்தடித்ததற்குக் காரணம் இருந்தது. 'விண்டேஜ் ஜப்பான் டிராவல் போஸ்டர்' என்று தேடினால் ஒரே பெயரில் ஐந்து விதமான சரக்கு வந்து நிற்கிறது. 1930களில் நிஜமாகவே ஸ்டேஷனில் தொங்கிய தாள். அதே காலத்துப் பயண ஓவியர்களின் மரக்கட்டை அச்சு. ரயில் கம்பெனிகள் பயணிகளுக்குக் கொடுத்த மடிப்பு வரைபடம். அருங்காட்சியகத்தின் கோப்பை இறக்கி நாமே அச்சடித்துக்கொள்வது. கடைசியாக, போன மாதம் யாரோ கணினியில் செய்து 'ரெட்ரோ' என்று பெயர் வைத்தது. விலை ஒரு பிரியாணிப் பொட்டலத்தில் தொடங்கி புது பைக்கையும் தாண்டிப் போகிறது. படத்தில் மட்டும் எல்லாவற்றிலும் அதே ஃபூஜி மலை, அதே செர்ரிப் பூ.

நான் தடுமாறி வந்து சேர்ந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்ஜெட்டை அப்புறம் பார்க்கலாம். அந்தப் படத்தை எத்தனை அடி தூரத்திலிருந்து பார்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். போஸ்டர் என்பது நடைமேடையில் பெட்டியோடு ஓடுகிறவன் கண்ணில் படுவதற்காக வரைந்தது. மரக்கட்டை அச்சோ கையில் எடுத்து மடியில் வைத்துப் பார்ப்பதற்காகச் செய்தது. இரண்டையும் ஒரே சுவருக்குப் போட்டி போட விட்டால் ஒன்று நிச்சயம் தோற்கும்.

ஸ்டேஷனில் தொங்கிய தாள்

மனசு முதலில் போவது இதற்குத்தான். என் மனசும் இங்கேதான் போனது.

ஜப்பான் சுற்றுலாப் பணியகம் தொடங்கியது 1912இல். 1930இல் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் சர்வதேசச் சுற்றுலாவுக்கென்றே தனி வாரியம் வைத்தார்கள். உலகமெங்கும் பொருளாதார மந்தம். நாட்டுக்கு அந்நியச் செலாவணி வேண்டும். அதற்கு வெளிநாட்டுப் பயணி வர வேண்டும். இன்று நாம் ரசிக்கிற ஆங்கில எழுத்துப் போட்ட 'ஜப்பான்' போஸ்டர்களில் பெரும்பகுதி இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை. கப்பல் கம்பெனிகளும் தங்கள் பங்குக்கு அடித்தன.

இவற்றில் எனக்குத் தலையாயது சதோமி முனேத்சுகு 1937இல் அரசு ரயில்வேக்காகச் செய்தது. பாரிஸில் படித்து அங்கேயே தொழில் செய்தவர். அவர் படத்தில் ரயிலே கிடையாது. ஓடும் ரயிலின் ஜன்னலுக்குள் நம்மை உட்கார வைத்துவிடுகிறார். வயலும் பூமரமும் தந்திக் கம்பமும் வேகத்தில் இழுபட்டு வண்ணக் கோடுகளாகப் பாய்கின்றன. கோயில், கிமோனோ, விசிறி எதுவும் இல்லாமல் ஒரு நாட்டை விளம்பரம் செய்ய அன்று எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! உள்நாட்டுப் பயணிகளுக்கானவற்றில் சுகியுரா ஹிசுயி 1927இல் செய்த சுரங்க ரயில் போஸ்டரைச் சொல்ல வேண்டும். டோக்கியோவில் உவேனோவுக்கும் அசாகுசாவுக்கும் இடையே 2.2 கிலோமீட்டர் பாதை அந்த டிசம்பர் 30 அன்று திறந்தது. "கீழ்த்திசையின் ஒரே சுரங்க ரயில்" என்ற வாசகத்தின் கீழே, நடைமேடை நிறையக் கூட்டம். கிமோனோக்காரர்களும் கோட்டுக்காரர்களும் குழந்தைகளும் நெருக்கியடித்து நிற்கிறார்கள்.

சரி, வாங்கலாமா?

முதல் சிக்கல், கிடைப்பது. ஒட்டிக் கிழிப்பதற்கென்றே அச்சிட்ட தாள்கள் இவை. மிச்சமிருந்தவற்றில் எத்தனையோ போர்க்கால விமானக் குண்டுகளில் எரிந்தன. தப்பியவை ஏலத்துக்கு வரும்போது, பெயருள்ள ஓவியர் என்றால், ஆயிரக்கணக்கான டாலரில்தான் பேச்சு. அதற்கு மேல் கூரியர், சுங்கம், வரி.

இரண்டாவது, நம் ஊர் காற்று. போருக்கு முந்தைய ஜப்பானிய போஸ்டர்கள் பலவற்றில் மேலும் கீழும் தகரப் பட்டை அடித்திருக்கும். சிவகாசி காலண்டர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். அதே பட்டை, தொங்கவிடுவதற்கான அதே ஏற்பாடு. பட்டை கழலாத போஸ்டருக்குச் சேகரிப்பவர்களிடம் தனி மதிப்பு. ஆனால் துரு இறங்கித் தாள் மக்கத் தொடங்குவதும் அந்த ஓரத்தில்தான். காகிதத்தில் செய்த கலைப்பொருளுக்கு அருங்காட்சியகங்கள் வைத்துக்கொள்ளும் வெளிச்ச அளவு சுமார் 50 லக்ஸ். கிட்டத்தட்ட இருட்டு. நம் கூடத்து ஜன்னலோரத்துப் பகல் வெளிச்சமோ ஆயிரக்கணக்கில் போகும். மழைக்காலத்து ஓதம், ராமபாணப் பூச்சி இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடற்கரை ஊரில் இருப்பவர் இப்படி ஒன்றை வாங்கிக் கூடத்தில் மாட்டுவது, பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு சமைக்கப் போகிற மாதிரி.

மூன்றாவது விஷயத்தை விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். இவை ஒரு அரசாங்கம் தன் முகத்தைத் துடைத்து அழகாகக் காட்டிக்கொண்ட படங்கள். 1931இல் சீனாவின் மஞ்சூரியாவுக்குள் ஜப்பான் படை புகுந்தது. சதோமியின் போஸ்டர் வந்த அதே 1937 ஜூலையில் சீனாவோடு முழுப் போர் தொடங்கியது. 1940இல் டோக்கியோவில் நடக்கவிருந்த ஒலிம்பிக்கை 1938இல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த வருஷங்களிலும் போஸ்டரில் பூ உதிர்ந்துகொண்டுதான் இருந்தது. அதற்காக மாட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தென் மஞ்சூரிய ரயில்வேயின் போஸ்டர்களும் இதே பிரிவில், இதே அழகோடு விற்பனைக்கு வரும். அது இன்னொருவர் மண்ணைப் பிடித்துக்கொண்டு 'வந்து பாருங்கள்' என்று கூப்பிட்ட விளம்பரம் என்பது தெரிந்து வாங்குவது நல்லது. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரிஜினல்தான் வேண்டும், ஆனால் சொத்தை விற்க முடியாது என்பவர்கள் 1970களுக்கு வாருங்கள். ஒசாகா உலகக் கண்காட்சி முடிந்த கையோடு, கூட்டம் குறைந்துவிடக் கூடாதே என்று தேசிய ரயில்வே 1970 அக்டோபரில் 'டிஸ்கவர் ஜப்பான்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. பிரபலமான இடத்தின் பெயரைப் பெரிதாகப் போடாமல், ஊர் தெரியாத ஒரு கிராமத்தில் நிற்கிற இளம்பெண்களைப் புகைப்படம் எடுத்துப் போட்டார்கள். ஆஃப்செட் அச்சு, எண்ணிக்கை அதிகம், ஆகவே விலை இறங்கி வரும். ஆனால் 'பழைய ஜப்பான்' என்று மனசில் வைத்திருக்கிற தட்டையான வண்ண ஓவியம் அதில் கிடைக்காது. அது வேறு ருசி.

கையில் எடுத்துப் பார்க்க வேண்டியது

மரக்கட்டை அச்சைப் போஸ்டர் என்று சொல்வது தப்பு. ஆனாலும் இந்தப் பட்டியலில் அது வந்தே ஆக வேண்டும். ஏனென்றால் போஸ்டர் காட்டிய அதே ஜப்பானை, ஏறத்தாழ அதே வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு, இன்னொரு வழியில் விற்றது இது.

பதிப்பாளர் வத்தனாபே ஷோசாபுரோ. அவருக்காக வரைந்த கவாசே ஹாசுயி. ஹாசுயிக்கு ஊர் சுற்றுவதே வேலை. 1920இல் வந்த அவருடைய முதல் பயணத் தொடரின் பெயரே 'பயணத்திலிருந்து கொண்டுவந்தது' என்கிற மாதிரிதான் இருக்கும். ஊருக்குப் போய் வருகிறவர் கையில் அல்வாப் பொட்டலம் கொண்டுவருவது போல அவர் படம் கொண்டுவந்தார். மழை பெய்கிற பாலம், இரவில் ஒரு ஜன்னல் மட்டும் எரிகிற வீடு, பனியில் குடை பிடித்துப் போகிற ஒருத்தி. 1923 செப்டம்பர் 1ஆம் தேதி டோக்கியோவை உலுக்கிய நிலநடுக்கத் தீயில் வத்தனாபேயின் கட்டைகளும் இருப்பும் எரிந்துபோயின. ஹாசுயியின் ஸ்கெட்ச் புத்தகங்களும் போயின. அதனால் நிலநடுக்கத்துக்கு முந்தைய அச்சுகளுக்குத் தனி விலை.

அந்த விலை நமக்கு வேண்டாம். இங்கே நல்ல செய்தி என்னவென்றால், ஒரே படம் பல காலங்களில் பல தடவை அச்சாகியிருக்கிறது. எந்தக் காலம் என்பதைப் பதிப்பாளரின் முத்திரை சொல்லிவிடும். ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அகலமுள்ள சின்ன வட்ட முத்திரை இருந்தால், போருக்குப் பின்னும் ஹாசுயி 1957இல் இறப்பதற்கு முன்னும் அச்சானது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். அதற்கும் பிந்திய அச்சுகள் இன்னும் மலிவு. சேகரிப்பவருக்கு இந்த வரிசை உயிர். வீட்டில் மாட்டுகிறவருக்கு, அச்சடித்தவர் கை நன்றாக இருந்ததா என்பதுதான் முக்கியம். பிந்திய அச்சு ஒன்றை நான் ஒரு நண்பர் வீட்டில் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால், பனி விழுந்த கூரையில் தாள் கொஞ்சம் மேடாக எழும்பியிருந்தது. வானத்தில் நீலம் மேலிருந்து கீழே கரைந்து வந்தது. ஒவ்வொரு தாளுக்கும் அச்சுக்காரர் கட்டையில் ஈரத் தூரிகையால் இழுத்துச் செய்கிற வேலை அது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வரை சாயம் ஊறி, அச்சுக்காரர் தாளை அழுத்தித் தேய்த்த வட்டு சுழன்ற தடம் தெரிந்தது. மல்பெரிப் பட்டைத் தாள், துணி மாதிரி.

இதே சமயத்தில் தனக்கென்று பட்டறை வைத்து அச்சடித்தவர் யோஷிதா ஹிரோஷி. ஒரே படத்துக்கு முப்பது, நாற்பது தடவை அச்சு ஏற்றுவது அவருக்குச் சாதாரணம். நிக்கோ கோயில் வாயில் படத்துக்குத் தொண்ணூறைத் தாண்டியது. 1930 கடைசியில் மகன் தோஷியோடு இந்தியாவுக்கு வந்து சுற்றினார். திரும்பிப் போய்ச் செய்த தொடரில் தாஜ்மஹாலும் அஜந்தாவும் இருக்கின்றன. மதுரைக் கோயிலும் இருக்கிறது. நாம் ஜப்பானைச் சுவரில் மாட்ட அலைகிறோம். அவர் மதுரையைக் கொண்டுபோய்க் கட்டையில் செதுக்கவைத்திருக்கிறார். அவர் பட்டறை அச்சில் இடது ஓரத்தில் 'ஜிசூரி' என்ற முத்திரை இருக்கும். தானே மேற்பார்வை பார்த்து அச்சிட்டது என்று அர்த்தம். அது இல்லாவிட்டால் அவர் இறந்த 1950க்குப் பின் குடும்பத்தார் அச்சிட்டதாக இருக்கலாம். மோசமில்லை, ஆனால் விலை வேறு. முத்திரை இல்லாததை முத்திரை விலைக்கு வாங்கிவிடாதீர்கள்.

இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. ஹிரோஷிகே 1830களில் செய்த தோக்காய்தோ சாலைத் தொடரைப் போன்ற பழைய படங்களை, புதிதாகக் கட்டை செதுக்கிக் கையாலேயே அச்சிட்டு விற்கும் பட்டறைகள் டோக்கியோவிலும் கியோட்டோவிலும் இன்றும் நடக்கின்றன. டோக்கியோவின் அதாச்சி, கியோட்டோவின் உன்சோதோ இரண்டும் பெயர் பெற்றவை. பழமை கிடையாது, கைவேலை முழுசாக இருக்கிறது. வெளுத்துப்போகாத, புத்தம்புது நிறத்தில் ஹிரோஷிகேயைப் பார்ப்பது ஒரு அதிர்ச்சி. அவர் வாழ்ந்த எடோ காலத்து ஆள் பார்த்ததும் அப்படித்தானே?

குறை, அளவு. சராசரி அச்சு 25க்கு 38 சென்டிமீட்டர்தான். பத்தடி தள்ளி உட்கார்ந்தால் சுவரில் ஒரு தபால்தலை. இதைப் படிக்கும் மேஜை, படுக்கையறை வாசல், மாடிப்படித் திருப்பம் என்று மூக்குக்கு நேரே வருகிற இடத்தில்தான் வைக்க வேண்டும்.

யாரும் தேடாத மடிப்பு வரைபடம்

வேலை விஷயமாக டோக்கியோ போனபோது ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைத்தெருவில் ஒரு சாயங்காலம் கழிந்தது. ஒரு கடையில் ரயில்வே போஸ்டர் விலையை விசாரித்தேன். கடைக்காரப் பெரியவர் என் முகத்தையும் என் முதுகுப்பையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, போஸ்டர் இழுப்பறையைத் திறக்கவே இல்லை. கல்லாப்பெட்டி பக்கத்திலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே பாஸ்போர்ட்டைவிடக் கொஞ்சம் உயரமான மடிப்புப் புத்தகங்கள், அடுக்கடுக்காக.

ஒன்றைப் பிரித்தேன். பிரித்துக்கொண்டே போனேன். மேஜை முழுக்க நீண்டுவிட்டது.

யோஷிதா ஹாத்சுசாபுரோ என்பவரின் பறவைப் பார்வை வரைபடம் அது. மேலே சொன்ன ஹிரோஷி வேறு, இவர் வேறு. 1913இல் கெய்ஹான் ரயில் கம்பெனிக்கு இவர் வரைந்த வழிகாட்டியை, மறு வருஷம் அந்த ரயிலில் போன பட்டத்து இளவரசர் (பின்னாளில் சக்கரவர்த்தி ஹிரோஹித்தோ) அழகாகவும் எளிதில் புரிவதாகவும் இருக்கிறது என்று பாராட்டினாராம். அதோடு இவர் திசையே மாறிவிட்டது. ரயில் கம்பெனி, வெந்நீரூற்று ஊர், நகராட்சி என்று எல்லோரும் இவரிடம் வந்தார்கள். 'தாய்ஷோ காலத்து (1912–26) ஹிரோஷிகே' என்று பெயர்.

இவர் படத்தில் பூகோளம் வளையும். நடுவில் விளம்பரம் கொடுத்த கம்பெனியின் பாதை சிவப்புக் கோடாக, நேராக, தாராளமாக ஓடும். இரண்டு பக்கமும் நிலம் கிண்ணம் போல மேலே வளைந்து எழும். தொடுவானத்தில், எந்த ஊரிலிருந்து பார்த்தாலும், குட்டியாக ஃபூஜி. சிலவற்றில் கடலுக்கு அப்பால் ஹவாய்கூட எழுதியிருக்கும்! நான் வாங்கி வந்தது நாரா பக்கத்துத் தனியார் ரயில்வே ஒன்றுக்காக வரைந்தது. நாரா ஊருக்குள் நின்றால் ஃபூஜி தெரியாது. இவருக்குத் தெரிந்திருக்கிறது.

இது ஒரிஜினல். போருக்கு முந்தையது. பயண விளம்பரமேதான். ஆனால் பயணிகளுக்குக் கட்டுக்கட்டாகக் கொடுத்ததால் இன்றும் நிறையக் கிடைக்கிறது. என்னுடையதற்குக் கொடுத்த காசில் இரண்டு பேர் நல்ல ஹோட்டலில் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடலாம், அவ்வளவுதான். அரிதான ஊர், அரிதான வருஷம் என்றால் விலை ஏறும். இத்தனை நாள் மூடியே கிடந்ததால் உள்ளே நிறம் அப்படியே இருக்கும். மடிப்பு முனைகளில்தான் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். உயரம் கம்மி, நீளம் ஜாஸ்தி என்பதால் நடைபாதைச் சுவர், கட்டிலின் தலைமாடு, புத்தக அலமாரிக்கு மேலே உள்ள வெற்றிடம் ஆகியவற்றுக்கு அச்சாகப் பொருந்தும். கிட்டே போய் எவ்வளவு நேரம் பார்த்தாலும் தீராது. ஐந்து வழிகளில் பணத்துக்கு மதிப்பு என்று பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

நாமே அச்சடிப்பது

பெரிய சுவருக்கு வருவோம். பத்தடி தூரத்தில் கைவேலையும் தெரியாது, தாளின் வயதும் தெரியாது. படத்தின் அமைப்பு மட்டும்தான் தெரியும். அங்கே நல்ல நகலே போதும் என்பது என் கட்சி.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இலிருந்து, காப்புரிமை தீர்ந்த படைப்புகளின் பெரிய கோப்புகளை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்து விட்டிருக்கிறது. சிகாகோ கலைக் கழகமும் அப்படியே. ஜப்பானிய அச்சுகள் இரண்டிலும் குவிந்து கிடக்கின்றன. கணக்கு இதுதான்: ஜப்பானிய பி2 அளவு 515க்கு 728 மி.மீ., அதாவது நீளம் சுமார் 28.7 அங்குலம். கோப்பின் நீளப் பக்கம் 4,300 பிக்சல் இருந்தால் 150 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 150 புள்ளி, கிடைக்கும். தள்ளி நின்று பார்க்கிற சுவருக்கு அது போதும். கிட்டே வைப்பதானால் 300 வேண்டும். அப்போது 8,600 பிக்சல். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கொண்டுபோய்ப் பெரிதாக்கச் சொல்லாதீர்கள்.

காப்புரிமை கொஞ்சம் கவனிக்க வேண்டியது. ஜப்பானில் 2018 கடைசிவரை ஓவியர் இறந்து 50 வருஷம் என்பது விதி. பிறகு 70 ஆக்கினார்கள், ஆனால் அதற்குள் தீர்ந்துபோனவை தீர்ந்தவைதான். இந்தியாவில் 60. ஆகவே ஹாசுயி (மறைவு 1957), ஹிசுயி (1965) இரண்டு பேர் படங்களும் இரண்டு நாட்டிலும் இப்போது பொதுச்சொத்து. சதோமி 1996 வரை வாழ்ந்தவர். மரக்கட்டை அச்சு ஓவியர் இத்தோ ஷின்சுயி 1972 வரை. 'பழைய போஸ்டர்தானே' என்று இவர்கள் படத்தை யாராவது மலிவாக அச்சடித்து விற்றால், அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

அச்சுக்கடையில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: பளபளப்பு வேண்டாம். மேட் ஃபினிஷ், முடிந்தால் பருத்தித் தாள், பிக்மென்ட் மை. கிளாஸி ஃபோட்டோ பேப்பரில் 1927 போஸ்டரை அடித்தால் கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கும். தாளின் பழுப்பைச் சுத்தமாக வெளுக்கிறேன் என்று கடைப்பையன் முன்வருவான். கொஞ்சம் குறைக்கலாம், முழுதாக எடுத்தால் நிறங்கள் அநாதையாக நிற்கும்.

'ரெட்ரோ' சரக்கு

இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. இன்றைய ஓவியர் ஒருவர் தன் பெயரைப் போட்டு, பழைய பாணியில் நேர்மையாகச் செய்திருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆட்சேபம், புதுசைப் பழசு என்று விற்பதில்தான்.

பிடிக்க மூன்று வழி. ஃபூஜிக்கு முன்னால் சிவப்பு ஐந்தடுக்குக் கோபுரம் நிற்கிற காட்சி ஒன்று எங்கும் வரும். அது சூரெய்தோ கோபுரம், கட்டியது 1963இல். அதைப் போட்டு '1930கள்' என்று சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். புல்லட் ரயில் 1964 அக்டோபரில்தான் ஓடத் தொடங்கியது என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டாவது, எழுத்து. போருக்கு முன்னால் கிடைவாட்டில் எழுதும்போது ஜப்பானியர்கள் பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதினார்கள். 'ரயில்', 'நாடு' போன்ற எழுத்துகள் பழைய, சிக்கலான வடிவத்தில் இருந்தன. ஜப்பானிய மொழி தெரிந்த யாரிடமாவது காட்டினால் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். இப்போது வருகிற செயற்கை நுண்ணறிவுப் படங்களில் அந்த எழுத்து எந்த மொழியிலுமே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். மூன்றாவது, நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற பத்து மடங்கு லென்ஸ். மரக்கட்டை அச்சில் நிறம் புள்ளியே இல்லாமல் பரவியிருக்கும். பழைய லித்தோவில், அதாவது கல் அச்சில், மணல் தூவின மாதிரி ஒழுங்கில்லாத துகள்கள். ஆஃப்செட் என்றால் நாலு நிறப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூவாகக் கூடி நிற்கும். இங்க்ஜெட்டில் மிக நுண்ணிய தெளிப்பு. புள்ளி முறை அச்சு அந்தக் காலத்திலேயும் உண்டு. ஆகவே பூப்புள்ளி தெரிந்தால் உடனே போலி என்று தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் 'கல் அச்சு' என்று விலை சொல்லிவிட்டு லென்ஸில் பூ தெரிந்தால், விற்பவர் பதில் சொல்லியாக வேண்டும்.

ஃபிரேம் கடையில் நடந்தது

எதை வாங்கினாலும் கடைசியில் போய் நிற்பது ஃபிரேம் கடையில். வரைபடத்தை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால், ஒத்திகையாக, நூறு ரூபாய்க்கு வாங்கிய ஒரு நகலைக் கொடுத்துப் பார்த்தேன். அது என் வாழ்க்கையில் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் ஒன்று. மறுநாள் போனால், தாள் முழுக்கப் பசை தடவி, எம்டிஎஃப் பலகையில் ஒட்டி, மேலே பளபளவென்று லேமினேஷனும் போட்டு வைத்திருந்தார்கள். "சுருக்கமே வராது சார், ஆயுசுக்கும் அப்படியே இருக்கும்" என்றார் கடைக்காரர், பெருமையாக. அவர் மேல் தப்பில்லை. சாமி படத்துக்கும் கல்யாண போட்டோவுக்கும் அவர் வழக்கமாகச் செய்வது அது. வரைபடத்தை நினைத்து எனக்கு வேர்த்தது.

ஆகவே பழைய தாளாக இருந்தால் இதை எழுதியே கொடுத்துவிடுங்கள்: பசை கூடாது, லேமினேஷன் கூடாது, செல்லோடேப் கூடாது. அமிலமில்லாத மவுண்ட் அட்டை; மேல் ஓரத்தில் மட்டும் மெல்லிய ஜப்பானியத் தாள் கீல், கோதுமை மாப்பசையில்; கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுண்ட் கனத்துக்காவது இடைவெளி. முடிந்தால் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற அக்ரிலிக். மழைக்காலத்தில் ஓதம் ஏறுகிற வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். வேறு வழியில்லை என்றால் ஃபிரேமின் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டி, காற்றுப் போக வழி விடுங்கள்.

அளவும் ஒரு பொறி. ரெடிமேட் ஃபிரேம் 50க்கு 70, 61க்கு 91 சென்டிமீட்டரில் வரும். ஜப்பானிய பி2 முதலாவதில் நுழையாது, இரண்டாவதில் தொளதொளவென்று நிற்கும். போருக்கு முந்தைய போஸ்டர்கள் பல 636க்கு 939 மி.மீ. தாளை ஒட்டிய அளவு, அது இரண்டிலுமே நுழையாது. ஓரத்தை வெட்டிவிடலாமே என்று யாராவது சொன்னால் படத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் முடிந்தது இப்படி. நடைபாதையில், செருப்பு அலமாரிக்கு மேலே, ஹாத்சுசாபுரோவின் வரைபடம். வெளியே கிளம்புகிற எல்லோரும் ஒரு நிமிஷம் நின்று, அந்த இல்லாத ஃபூஜியைத் தேடிவிட்டுத்தான் போகிறார்கள். கூடத்து எதிர்ச்சுவரில் ஹிசுயியின் சுரங்க ரயில், மேட் தாளில், பி1 அளவில், நாமே அச்சடித்தது. அதன் கனத்துக்குப் பழைய ஆணி தாங்காது என்று துளை போட ஆள் கூப்பிட்டோம். அவர் ஆணியைக் கையால்தான் தொட்டார். காரையோடு பெயர்ந்து வந்துவிட்டது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அந்தச் சுவரில் 1927ஆம் வருஷத்துக் கூட்டம் நடைமேடையில் நெருக்கியடித்து, எங்கள் சோபா பக்கம் திரும்பி, ரயிலுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது.